இறகு விழாத தரை

முதல் கோழியின் முதுகில் தோல் தெரிவதைப் பார்த்தவள் ரஸ்மிய்யா. அதை வேறு யாராவது பார்த்திருக்கலாம் என்று தஹானி பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் மாடிக்குப் போய் மண்ணடுப்பில் தீ மூட்டுவது ரஸ்மிய்யாவின் வழக்கம். தஹானி மாவுத் தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் படியேறுவாள். அன்று பாதிப் படியில் இருக்கும்போதே மேலிருந்து குரல் வந்தது.

"தஹானி, சீக்கிரம் வாடி. இந்தக் கழுதைக்கு முதுகுல ஒண்ணுமே இல்ல."

வெள்ளிக் கழுத்தும் கறுப்புப் புள்ளி உடம்புமாக இருக்கும் நாட்டுக் கோழிதான் அது. இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில், சுட்ட ரொட்டியின் மேலோட்டை யாரோ பிய்த்து எடுத்ததுபோல, உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். சிவந்து, புள்ளி புள்ளியாக. கோழி அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தரையைக் கொத்திக்கொண்டிருந்தது.

தஹானி தாம்பாளத்தை இறக்கிவைத்துவிட்டுக் கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். தரையில் எச்சம் கிடந்தது, நேற்றைய தவிடு கிடந்தது. இறகு ஒன்றுகூட இல்லை.

"கூட்டிட்டீங்களாக்கா?"

"நான் இன்னும் தொடப்பத்தையே தொடல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அடுப்பு காய்ந்துவிட்டது, ரொட்டி தட்டப் போய்விட்டார்கள்.

ஏரிக்கரையில் இருந்த அந்த வீட்டை அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து கட்டியிருந்தார்கள். அண்ணனின் மனைவி ரஸ்மிய்யா கீழே, தம்பியின் மனைவி தஹானி மேலே, மொட்டைமாடி இருவருக்கும் பொது. அண்ணன் ஒரு குளிர்காலத்தில் காரூன் ஏரியில் படகோடு போனவன், படகு மட்டும் திரும்பிவந்தது. தம்பி ஹில்மி செங்கடல் பக்கம் பெரிய படகுகளில் வேலை பார்த்தான், பெருநாளுக்குத்தான் வீடு வருவான். புருஷன் போனபின் ரஸ்மிய்யா சின்னூரிஸ் ஊரில் இருக்கும் தன் கூடப்பிறந்த தம்பி மஹ்ரூஸ் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. தஹானிதான் விடவில்லை. இந்தப் பெரிய வீட்டில் பேச்சுக்குத் துணை அவள் ஒருத்திதான். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று சொல்லும் ஊர், இவர்கள் இருவரையும் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

ரஸ்மிய்யாவுக்குப் பிள்ளை இல்லை. தஹானியின் மகள் விஸாம் அவள் மடியில்தான் வளர்ந்தாள்.

விஸாமுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணலை வாரிவரும் கம்சீன் காற்று ஓய்ந்ததும் தேதி. மணமக்கள் வீடு புகும் அன்று இரவுச் சாப்பாடு பெண்ணின் தாய் அனுப்ப வேண்டும். சமைத்த கோழிகளும் வாத்துகளும் சோறும் தாம்பாளங்களில் ஏறி, பெண்களின் தலைமேல் தெரு முழுக்க ஊர்வலமாகப் போகும். மூடிய துணிக்குள் என்ன இருக்கிறது என்று தெருவின் ஒவ்வொரு வாசலும் கண்ணாலேயே தூக்கிப் பார்க்கும். அதற்காகத்தான் தஹானி இந்தக் கோழிகளைக் குஞ்சிலிருந்து வளர்த்தாள். நிச்சயம் முடிந்த வாரமே அவற்றைத் தெருவுக்கு விடுவதை நிறுத்திவிட்டாள். அதுவரை அவை வாய்க்கால் கரையில் புழு பொறுக்கிவிட்டுச் சாயங்காலம் தானாகப் படியேறி வரும். இனி எல்லார் கண்ணிலும் பட வேண்டாம் என்று மாடியிலேயே வைத்துக்கொண்டாள். கூடப் பல கோழிகளைச் சந்தையில் வாங்கி அதே கூண்டில் விட்டாள்.

முதலில் பழி சேவல்மேல் விழுந்தது.

"இவன்தான். மிதிச்சு மிதிச்சே முதுகைத் தேய்ச்சிட்டான்" என்றாள் ரஸ்மிய்யா. "புது மாப்பிள்ளை மாதிரி நாள் பூரா இதே வேலை."

"சும்மாயிருங்கக்கா, விஸாம் காதுல விழப்போகுது."

"விழட்டுமே. அவளும் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

சேவலை வெள்ளிக்கிழமை அறுத்துக் கீரைக் குழம்போடு தின்றார்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு கோழிகளுக்கு முதுகு வெளுத்தது. ஒன்றுக்கு வால் அடியிலும். தரை அப்போதும் சுத்தமாகவே இருந்தது.

ரஸ்மிய்யா ஒவ்வொன்றாக மடியில் போட்டு இறக்கைக்கு அடியில் ஊதி ஊதிப் பார்த்தாள். செள்ளு இல்லை, பேன் இல்லை. இருந்தாலும் அடுப்புச் சாம்பலை எடுத்து உடம்பெல்லாம் தேய்த்தாள். உட்காரும் கொம்பின் வெடிப்புகளில் மண்ணெண்ணெய் பூசினாள். வருடா வருடம் இறகு உதிர்க்கும் பருவம் கோடை முடிந்துதான் வரும், இது அது இல்லை. பெருச்சாளி கடிப்பதாக இருந்தால் புழுக்கை கிடக்கும், அதுவும் இல்லை.

அதன்பிறகு ரஸ்மிய்யா கோழிகளைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருடம் மீன் கூடை சுமந்த கழுத்து இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கும். அந்தச் சாய்ந்த கழுத்தோடு, இமைக்காமல். ஒருநாள் தஹானி துணி உலர்த்த மேலே வந்தவள் அதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அப்படி என்னக்கா பாக்குறீங்க?"

ரஸ்மிய்யா திரும்பினாள். ஏதோ சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டது போலிருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

*

அடுத்த வீட்டு உம்மு ஷலபி வெறுங்கையோடு வருகிறவள் இல்லை. ஒரு தட்டுப் பணியாரமும் ஊர்ச் சேதியும் கொண்டுவருவாள். அன்று ரஸ்மிய்யா மீன் விற்கப் போயிருந்தாள். உம்மு ஷலபி மூச்சிரைக்க மாடி ஏறி, கோழிகளைப் பார்த்து, மார்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அல்லாவே! உரிச்ச கோழி நடந்து போகுதே. சமைக்கிறப்போ உனக்கு வேலை மிச்சம்டி."

"சிரிக்கிற நேரமா இது?"

"சிரிக்காம அழவா? சரி, இறகெல்லாம் எங்க?"

"அதுதான் தெரியல. ஒண்ணுகூடக் கீழே விழறதில்ல."

உம்மு ஷலபியின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினாள், மாடியில் வேறு யாரும் இல்லாதபோதும்.

"யாரு முதல்ல பாத்தது?"

தஹானி கோழிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல, கேட்டேன். காகிதம் இருக்கா?"

விஸாமின் பழைய பள்ளிப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, உம்மு ஷலபி அதில் ஒரு பெண் பொம்மையை வெட்டினாள். தலை, இரண்டு கை, பாவாடை. ஊசியைத் தஹானியின் கையில் கொடுத்தாள். இதற்கு முறை உண்டு. கண் வைத்திருக்கக்கூடியவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குத்து. பிறகு பொம்மையைத் தணலில் போட்டு, மேலே படிகாரம் போட வேண்டும். படிகாரம் உருகிப் பொங்கும்போது கண் வைத்தவரின் உருவம் அதில் எழும்.

"மாப்பிள்ளையோட அத்தை. குத்து. கோடிவீட்டுக்காரி, அவ கண்ணு கல்லையும் பொளக்கும். குத்து. என் பேரையும் சொல்லு, எனக்கும் கண்ணு இருக்கில்ல."

"சீ, போங்க."

"உன் பேரையும் சேர்த்துக் குத்துறியா? நீதான் இதுங்களை நாள் பூரா வெச்ச கண்ணு வாங்காம பாக்குற."

"நான் ஏன் என் கோழிக்குக் கண்ணு வைக்கப்போறேன்?"

"சும்மா சொன்னேண்டி." உம்மு ஷலபி தணலை ஊதிவிட்டாள். "அப்புறம்?"

இன்னும் ஒரு பெயர் மிச்சமிருப்பது இருவருக்கும் தெரிந்தது. கீழே தெருவில் யாரோ ஓட்டிப்போன கழுதையின் மணிச்சத்தம் வந்து, தேய்ந்து, போயிற்று. தஹானி உதட்டை அசைக்கவில்லை. ஊசியைப் பொம்மையின் முகத்தில் நிதானமாக இறக்கினாள்.

படிகாரம் முதலில் நுரைத்தது. பிறகு வெண்மையாக எழும்பி, ஒரு பக்கம் கருகி, ஆறி நின்றது. ஒரு தலை போலத்தான் இருந்தது. தலைக்குக் கீழே கழுத்து. அந்தக் கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"யாரு மாதிரி தெரியுது?" என்று கேட்டாள் உம்மு ஷலபி.

"யாரு மாதிரியும் இல்ல" என்றாள் தஹானி.

*

அன்று சாயங்காலமே மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். கூண்டைச் சுற்றிக் கோணிச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டாள். அது போதாமல் தன் மாமியாரின் பழைய கறுப்புப் போர்வையை மேலே விரித்துக் கட்டினாள். உள்ளே நடுப்பகலிலும் ஒன்றும் தெரியாது. தண்ணீரும் தவிடும் காய்ந்த ரொட்டியும் வைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, மூடிவிட்டாள். ஒவ்வொரு கோழியின் காலிலும் நீல மணி கட்டினாள். அவற்றில் ஒன்று மட்டும் இன்னும் ஓர் இறகுகூடக் குறையாமல் இருந்தது. கழுத்து வெள்ளியாக மினுங்க, புள்ளிப் பாவாடை அகலமாக விரிய நடக்கும் அந்தக் கோழியை விஸாம் மணப்பெண் என்று கூப்பிடுவாள். முதல் மணியைத் தஹானி அதன் காலில்தான் கட்டினாள். இதுவாவது தப்பட்டும்.

மறுநாள் காலை படியில் ரஸ்மிய்யா நின்றாள். கையில் கிண்ணம்.

"கதவு பூட்டியிருக்கே?"

"ஆமாக்கா. பூனை வருது."

"பூனை படியேறியா வருது?" சிரித்தாள். தஹானி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, இந்தா. இதை வெச்சிடு."

"என்ன அது?"

"என்னன்னு தெரியாதா? தினம் கொடுக்கிறதுதான். மீன் தலை, குடல்."

"இனிமே வேண்டாம்க்கா. அதுங்களுக்கு ஒத்துக்கல."

"மீனா ஒத்துக்கல?"

படியில் வெளிச்சம் குறைவு. ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. தஹானிக்கு அது வசதியாக இருந்தது.

"நேத்து படிகார வாசனை கீழ வரைக்கும் வந்துச்சு" என்றாள் ரஸ்மிய்யா. "யார் பேரைச் சொன்ன?"

"யார் பேரையும் நான் சொல்லல."

வாயால் சொல்லவில்லை என்பது உண்மை. அந்த உண்மையைக் கைப்பிடிச் சுவர்போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரஸ்மிய்யா அவளையே பார்த்தாள். பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல, பார்வையைச் சட்டென்று தரைக்குக் கொண்டுபோனாள். கிண்ணத்தைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினாள்.

அதன்பின் அவள் தலை நிமிரவில்லை. முற்றத்தில் எதிர்ப்பட்டால் கண் தஹானியின் செருப்பில் இருக்கும். "உப்பு இருக்கா" என்பதையும் தரையைப் பார்த்தே கேட்பாள். விஸாம் தன் கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து காட்டியபோது, "நல்லாயிருக்கும்மா, நல்லாயிருக்கு" என்று கையால் துணியைத் தடவிப் பார்த்தாள்.

மாடியில் நிலைமை மோசமானது. தஹானி சாக்கை விலக்கும் ஒவ்வொரு காலையிலும் இன்னொரு கோழி குறைந்திருக்கும். உயிர் போகவில்லை, உருவம் குறைந்திருக்கும். கழுத்து, முதுகு, வால், வயிறு என்று வெறுமையாகி, இரண்டு இறக்கைத் தண்டும் நீல மணியுமாக நிற்கும். சிலவற்றின் வால் அடியில் ரத்தம் காய்ந்திருந்தது. தரையில் ஒன்றும் இல்லை. கூண்டின் எல்லா மூலையிலும் கையை விட்டுத் துழாவினாள். ஒரு கூடை நிறைய இருக்க வேண்டிய இறகு எங்கே போகிறது? யார் வருகிறார்கள், எந்த வழியாக? பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது. வர முடியாத இடத்துக்கு வருகிற ஒன்றுக்குக் கதவு எதற்கு என்று தோன்றியதும், சாக்கின் மேல் இன்னொரு சாக்கைத் தைத்தாள்.

மணப்பெண் மட்டும் அப்படியே இருந்தது. இன்னும் பளபளப்பாக.

அவளுக்குள் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது. ரஸ்மிய்யா இந்த வீட்டில் இல்லாமல் போனால் இறகு முளைக்குமோ? அதை அவள் விரட்டவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டுவைத்தாள். ரொட்டி தட்டும்போதும் துணி மடிக்கும்போதும் அதுவும் கூடவே இருந்தது. ஒருநாள் அதற்கு அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. விஸாம் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் "பெரியம்மா, பெரியம்மா" என்றுதான் புலம்பினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவள் தஹானி. இத்தனை வருடமாக அதை மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

*

ஓய்வதற்கு முன் கம்சீனின் கடைசி வீச்சு வந்தது. பாலைவனத்திலிருந்து வந்த மணல் ஏரியை மறைத்தது, பிறகு தெருவை மறைத்தது. பகல் மஞ்சளாகி, நிழல் இல்லாமல் போனது. தட்டில், தலையணையில், பல்லிடுக்கில் எல்லாம் மணல்.

விஸாம் வேகமாக மேலே வந்தாள்.

"பெரியம்மா மூட்டை கட்டுறாங்க. மஹ்ரூஸ் மாமா வண்டி கொண்டு வர்றாராம், இன்னிக்கே."

"தம்பி வீட்டுக்குப் போய்ட்டு வரட்டுமே."

"போய்ட்டு வர்றவங்க கட்டிலைப் பிரிப்பாங்களா?" பெண்ணின் கண் சிவந்திருந்தது. "என் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது எதுக்குப் போறாங்க? நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"எனக்கு மருதாணி யாரு வைக்கிறது?"

"ஏன், நான் இல்லையா?"

"நீ எங்கம்மா. அவங்க..." விஸாம் நிறுத்திக்கொண்டாள். நிறுத்திய இடத்தில் சொல்லாமல் விட்டது தஹானியின் காதில் விழுந்துவிட்டது. "அவங்க என் முகத்தைப் பாக்கவே மாட்டேங்கறாங்கம்மா. ஏன்னு கேளு."

பெண் இறங்கிப் போனாள். தஹானி கழுத்துச் சாவியைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள். வருவது எதுவானாலும் இன்றைக்கு அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டால், போகிறவளைப் போக விடலாம். பார்க்க ஒன்றும் இல்லையென்றால்? அதற்குமேல் நினைக்கவில்லை.

குனிந்து கூண்டுக்குள் நுழைந்து, சாக்கை உள்ளிருந்து இழுத்துவிட்டுக்கொண்டாள்.

முதலில் இருட்டு மட்டும்தான். வெளியே மணல் சாக்கில் சரசரவென்று விழுந்தது. உள்ளே புழுக்கமும் எச்ச வாடையும் சாம்பிராணியின் பழைய மணமும். கோழிகள் அவள் வந்ததற்குக் கொஞ்சம் நகர்ந்து, அடங்கின. அவை கொக்கரிக்கவில்லை. இத்தனை உயிர் நெருக்கி நிற்கும் இடத்தில் அப்படி ஓர் அமைதி இருக்கக் கூடாது. முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு கேட்டது. மிக மெல்லிய சத்தம், துணியிலிருந்து ஒரு நூலை இழுப்பதுபோல. டுக். நின்றது. மறுபடி, வேறு மூலையில். டுக்.

வந்துவிட்டது. கதவு திறக்காமல், சாக்கு அசையாமல். டுக். இந்தத் தடவை கைக்கெட்டும் தூரத்தில். எந்தக் கோழியும் கத்தவில்லை, சிறகடிக்கவில்லை. வலிக்கிற எதுவும் இப்படிச் சும்மா இருக்குமா?

அவள் தலைத்துணி நெகிழ்ந்திருந்தது. காதோரத்தில் ஏதோ உரசியது. பிறகு ஒரு முடி வேரோடு போயிற்று. வலி சுரீரென்றது. அவள் கத்தவில்லை. நகரவும் இல்லை. ஏன் நகரவில்லை என்று யோசிக்கவும் முடியவில்லை. அடுத்த முடி போகும்வரை, அதற்கடுத்தது போகும்வரை, அந்த இருட்டில் எல்லோரையும்போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

காற்று சாக்கின் ஒரு ஓரத்தைத் தூக்கியது. மஞ்சள் வெளிச்சம் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது.

அவள் தோளுக்கருகில், கொம்பின்மேல், மணப்பெண் நின்றது. அலகில் தஹானியின் நீண்ட முடி தொங்கியது. கோழி தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு தடவை தொண்டையை அசைத்தது. முடி உள்ளே போயிற்று. பிறகு அடுத்த கோழியின் பக்கம் திரும்பி, அதன் கழுத்தில் மிச்சமிருந்த இறகுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பிடுங்கி, அதையும் விழுங்கியது. பிடுங்கப்பட்டது கண்ணைப் பாதி மூடியபடி நின்றது. அந்தப் பட்டை வெளிச்சத்தில் பின்னால் இன்னும் இரண்டு கோழிகள் அதையே செய்துகொண்டிருந்தன. கோபம் இல்லை, சண்டை இல்லை. பக்கத்தில் இருக்கிறது, எடுத்துத் தின்கிறது, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து யாரும் வரவில்லை. ஒருநாளும் வந்ததில்லை.

தஹானி சாக்குகளைக் கிழித்தாள். போர்வையை இழுத்து எறிந்தாள். காற்று கறுப்புப் போர்வையைச் சுவர் தாண்டித் தூக்கிக்கொண்டு போனது. வெளிச்சம் பட்டதும் கோழிகள் கண்ணைச் சிமிட்டின. கொஞ்ச நேரம் சும்மா நின்றன. பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மறுபடி ஆரம்பித்தன.

*

கீழே வாசலில் கழுதை வண்டி நின்றது. மஹ்ரூஸ் கட்டில் கால்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். ரஸ்மிய்யா உள்ளே, வெறும் அறையில், மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். தஹானி தலைத்துணி இல்லாமல், முடி கலைந்து, எச்சம் பூசிய கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, மேல வந்து பாருங்க. அதுங்களேதான். ஒண்ணையொண்ணு புடுங்கித் தின்னுதுங்க."

"தெரியும்" என்றாள் ரஸ்மிய்யா, முடிச்சைப் பார்த்தபடி.

"எப்போலேருந்து?"

"சாம்பல் தேய்ச்சதுக்கு மறுநாள்லேருந்து. உன் மணப்பெண் ஒரு இறகை முழுங்கறதைப் பாத்தேன். அடைச்சு வெச்சா அப்படித்தான் ஆகும். மீன் குடல் நாலு வாய் கூடப் போட்டா அடங்கும்னு பாத்தேன். நீ அதையும் வேண்டாம்னுட்ட."

"பாத்தப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பிள்ளையில்லாதவ, நான் உன் கோழியை உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்னு சொல்றதா?"

வெளியே மஹ்ரூஸ் கயிற்றை இழுக்கும் சத்தம் கேட்டது. கழுதை மணலைத் தும்மியது.

"போகாதீங்கக்கா."

ரஸ்மிய்யா மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை. விலை பேசி முடிந்த மீனை நிறுத்துப்போடும் குரலில் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் விஸாமுக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும். வராம இருக்குமா? பிள்ளை தங்க ஒரு வருஷம் தள்ளிப்போகும், எத்தனை பேருக்குப் போகுது. அப்போ உனக்கு என் முகம் ஞாபகம் வரும். வராதுன்னு சொல்லு. சொல்லு, இப்பவே மூட்டையைப் பிரிக்கிறேன்."

வராது. ஒரே ஒரு சொல். தஹானி வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் திறந்தாள். ஆனால் சொல்வதற்கு முன் அவள் மனம் ஒரு தடவை அந்த அறைக்குள் போய்ப் பார்த்தது. விஸாம் காய்ச்சலில் கிடக்கும் அந்த அறைக்குள், இன்னும் வராத அந்த நாளுக்குள். அங்கே யார் முகம் இருக்கிறது என்று பார்த்தது.

"வராது" என்றாள்.

ரஸ்மிய்யா அதற்குள் எழுந்து மூட்டையைத் தூக்கியிருந்தாள்.

விஸாம் வாசற்படியில் வழிமறித்து நின்றாள். "பெரியம்மா, என்னை ஒரு தடவை பாருங்க. பாத்துட்டுப் போங்க."

ரஸ்மிய்யா நின்றாள். மூட்டையைக் கீழே வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள், மணல் விழுந்தவள்போல. கையை நீட்டிப் பெண்ணின் முகத்தைத் தேடிப் பிடித்தாள். நெற்றி, புருவம், மூக்கு, உதடு என்று விரல்களால் ஒவ்வொன்றாகத் தடவினாள். மோவாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். இமைகளுக்கு அடியிலிருந்து நீர் வழிந்து தூசியில் கோடு போட்டது. கண் திறக்கவில்லை.

"அழகா இருக்க" என்றாள்.

"திறந்து பாருங்க பெரியம்மா."

"அழகா இருக்கன்னு தெரியும்டா."

மஹ்ரூஸ் வந்து மூட்டையை எடுத்துக்கொண்டார். அக்காவின் முழங்கையைப் பிடித்து, பார்வை இல்லாதவரை நடத்துவதுபோல, படி இறக்கி, வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார். வண்டி நகர்ந்தது. அவள் முகம் வீட்டைப் பார்த்தபடிதான் இருந்தது, கண் மூடியபடியே. பத்தடி போவதற்குள் மணல் மறைத்துவிட்டது.

அவள் எந்த இடத்தில் கண்ணைத் திறந்திருப்பாள் என்று தஹானிக்குத் தெரியவில்லை. திறந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாள். விஸாம் அவளைத் தாண்டி, அவளைத் தொடாமல், உள்ளே போனாள்.